முதல் ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு: பெரிய புராஜெக்டா, தமிழாக்கமா, தினமும் தொடும் கருவியா?

பெங்களூருவின் மாரத்தஹள்ளி, பிடிஎம் பக்கம் பிஜியில் (கட்டண விடுதியில்) தங்கி வேலை தேடும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் பார்த்து, திருத்தி, பகிரக்கூடிய மென்பொருள்) என்றதுமே, சர்வர்களில் செயலிகளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மாதிரி பேர் பெற்ற புராஜெக்டுகள்தான் ஞாபகம் வருகின்றன. அங்கே புதியவருக்கு ஏற்ற வேலை என்று குறிக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிளைத் தேடிப் போவார்கள். ரெஸ்யூமேயில் அது எடுபடும், சரி. ஆனால் லேபிள் விழுந்ததுமே "எனக்குக் கொடுங்கள்" என்று கூட்டம் சேர்ந்துவிடும், அதற்குள் புகுந்தாலும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து, பில்ட், டெஸ்ட், அப்புறம் ரிவ்யூவுக்குக் காத்திருப்பு என்று போய்க்கொண்டே இருக்கும். புதியவர் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழாக்கம் இதற்கு நேரெதிர். ஃபயர்பாக்ஸுக்கு பான்டூன், லிப்ரேஆபிஸுக்கு வெப்லேட், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிக்கு டிரான்ஸ்லேட்விக்கி என்று மொழிபெயர்ப்புத் தளங்கள் இருக்கின்றன. பிரவுசர் போதும், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவி தெரிய வேண்டியதில்லை. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வளர்ந்து பள்ளியில் தமிழ் படிக்காதவர்கள், நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அனுப்பலாம். தயவுசெய்து இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டாதீர்கள், அதைத் திருத்த உட்காருபவரும் சம்பளமில்லாமல் வேலை செய்பவராகத்தான் இருப்பார். இது தமிழுக்கு மிகவும் தேவையான வேலை, ஆனால் கோட் எழுதப் பழக வேண்டும் என்று வருபவருக்கு இது மட்டும் போதாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: நீங்கள் தினமும் பயன்படுத்தும் நடுத்தர அளவு கருவி ஒன்று. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெரிய புராஜெக்டில் அதைப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகலாம். அதன் இஷ்யூ பட்டியலில் சரியான விவரம் இல்லாமல் கிடக்கும் பழைய பக் (மென்பொருள் பிழை) ஒன்றை எடுத்து, புதிய வெர்ஷனிலும் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். எந்த ஓஎஸ், எந்த வெர்ஷன், என்னென்ன செய்தால் வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும் என்று எழுதிப் போட்டாலே மெயின்டெய்னரின் (புராஜெக்டைப் பராமரிப்பவரின்) பாதி வேலை முடிந்தது. அடுத்து அந்த பக்கைப் பிடிக்கும் ஒரு டெஸ்ட், அப்புறம் திருத்தம். இன்ஸ்டால் குறிப்பில் வேலை செய்யாத ஒரு கட்டளையைச் சரிசெய்வதும் உண்மையான பங்களிப்புதான். ஆனால் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அண்மையில் வெளியாட்களின் புல் ரெக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) எதுவும் மெர்ஜ் ஆகியிருக்கிறதா, அதாவது ஏற்றுச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் வேறு புராஜெக்ட்.

2014இல் தொடங்கிய, அக்டோபர் மாத ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு விழாவான ஹாக்டோபர்ஃபெஸ்ட்டை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். 2020இல் பரிசு டி-சர்ட்டுக்காக வெற்றுப் புல் ரெக்வெஸ்ட்டுகள் குவிந்து, விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் (புராஜெக்டின் கோட் கிடங்குகள்) மட்டுமே கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. உதவித்தொகையோடு ஓப்பன் சோர்ஸில் பழக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறந்திருக்கிறது. அங்கேயும் முன்பே சில பேட்ச் (திருத்தம்) அனுப்பியவரை மென்டர்களுக்கு (வழிகாட்டிகளுக்கு)த் தெரிந்திருக்கும், ஆக மூன்றாவது வழி அதற்கும் உதவும்.

பெங்களூருவில் இருப்பதால் இன்னொரு வசதி, ஓப்பன் சோர்ஸ் ஆர்வலர்களின் அமைப்பான ஃபாஸ் யுனைடெட்டின் கூட்டங்களுக்கு நேரில் போய் மெயின்டெய்னர்களிடமே கேட்கலாம். அனுப்பிய திருத்தத்துக்குப் பதிலே வரவில்லையென்றால் ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள், அதற்குள் அடுத்த பக்கை எடுத்துக்கொள்ளலாம்.