எச்சரிக்கை: பெயின்ட் அடித்து மூடித் தரும் ‘ரீபில்ட்’ எஞ்சினை அப்படியே வண்டியில் ஏற்றாதீர்கள்

பழைய ஜீப்பை வீட்டில் வைத்துப் புதுப்பிப்பவர்கள் எவ்வளவு கைத்திறன் உள்ளவர்களாக இருந்தாலும் சில வேலைகளை வெளியே கொடுத்தே ஆக வேண்டும். போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் ஜர்னல்களைச் சாணையில் சீராக்குவது), வால்வு சீட் வெட்டுவது, மணல் பிளாஸ்டிங் எல்லாம் அந்த ரகம். ஏமாற்று நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான். வில்லிஸ் வகை ஜீப் ஒன்றின் எஞ்சினும் முன் பின் ஆக்ஸில்களும் ஒரு பட்டறைக்குப் போய் எந்த நிலையில் திரும்பி வந்தன என்பதை இங்கே எழுதுகிறோம். பட்டறையின் பெயர் வேண்டாம். இதே வித்தையைச் செய்யும் இடங்கள் வேறும் உண்டு என்பதால், வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

எஞ்சின், எல்-134 என்னும் பக்கவாட்டு வால்வு நாலு சிலிண்டர். போர் (சிலிண்டர் விட்டம்) 3⅛ அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 4⅜ அங்குலம், மூன்று மெயின் பேரிங். பில்லில் எழுதியிருந்தது: 0.020 அங்குலம் ஓவர்சைஸ் போரிங், அதற்குப் புது பிஸ்டன், ரிங், கிராங்க் 0.010 அங்குலம் அண்டர்சைஸ் கிரைண்டிங் (ஜர்னல் விட்டத்தை அவ்வளவு குறைப்பது), புது பேரிங். வால்வு சீட் வேலை. இரண்டு ஆக்ஸிலும் முழு ஓவர்ஹால். வந்து இறங்கியது பளபளவென்று பெயின்ட் அடித்து, ஹெட்டும் சம்ப்பும் மூடி, கேஸ்கெட் பசை பிதுங்கிய ஒரு எஞ்சின். ஓடவிட்டதும் நீலப் புகை. சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டது. கேட்டதற்குப் பட்டறையின் பதில்: “ரன்னிங்-இன் முடிஞ்சதும் எல்லாம் செட்டாயிடும்.”

ஆகாது. புது ரிங் போரோடு உட்கார சிறிது தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கோணலாகத் தேய்ந்த போர் ஓடஓட நேராகாது. தளர்ந்த பேரிங் ஓடஓட இறுகாது. இந்தப் பதிலைக் கேட்டால் வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றுங்கள். அதற்கு முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றியபடி, த்ராட்டில் முழுதாகத் திறந்து, பேட்டரி நிறைவாக இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு தரம் கிராங்க் சுற்ற வேண்டும். பிறகு சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் அல்லது கேஸ்கெட்டில்.

ஹெட்டைத் தூக்கியதும் முதலில் தெரிந்தது சிலிண்டரின் மேல் விளிம்பில் இருந்த மேடு. ரிங் எட்டாத அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டர் தேயாமல் நிற்பதால் உண்டாவது அது. நகத்தை வைத்து மேலே இழுத்தால் தட்டும். போரிங் செய்த சிலிண்டரில் மேடு இருக்க வழியே இல்லை, வெட்டும் டூல் மேலிருந்து அடிவரை ஒரே விட்டத்தில் போகும். இங்கே நடந்தது டிரில்லில் ஹோன் கல்லை (சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் கல்) மாட்டிக் குறுக்குக் கோடு போட்டது மட்டும். கோடு அழகாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டை விட்டுவிட்டுப் புது ரிங் போடுவது ஆபத்தும்கூட: பழைய மேல் ரிங்கின் விளிம்பு தேய்ந்து உருண்டிருக்கும், புது ரிங்கின் விளிம்பு கூர்மையானது. அது மேட்டில் முட்டி ரிங்கையோ, ரிங்குக்கு மேலுள்ள பிஸ்டன் விளிம்பையோ உடைக்கும்.

போர் கேஜ் இல்லாதவர்கள் ஒரு ரிங்கையும் ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்தே தேய்மானத்தை அளக்கலாம். ரிங்கைத் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் தள்ளுங்கள். அப்போதுதான் சாயாமல் சமமாக உட்காரும். மேட்டுக்குச் சற்றுக் கீழே ஒருமுறை, ரிங் ஓடாத அடிப்பகுதியில் ஒருமுறை ரிங் வாய் இடைவெளியை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை, எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் வித்தியாசம் கிடைக்கும். இந்த எஞ்சினில் மேலே 1.05 மி.மீ., அடியில் 0.40 மி.மீ. வித்தியாசம் 0.65, வகுத்தால் ஏறக்குறைய 0.2 மி.மீ. கோணல். சரியாக போர் செய்ததில் இரண்டு இடத்திலும் ஃபீலர் ஒரே தகட்டில் நிற்கும். ரிங் வாய்க்குப் பொதுக்கணக்கு, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.003 முதல் 0.004 அங்குலம், இந்த போருக்கு 0.24 முதல் 0.32 மி.மீ. வரை.

இதே கணக்கு தப்பான சைஸ் ரிங்கையும் காட்டிக்கொடுக்கும். 0.020 போரில் 0.010 ரிங்கைப் போட்டால் வாய் இருக்க வேண்டியதைவிட 0.8 மி.மீ. அதிகம் திறந்திருக்கும்.

‘புது’ பிஸ்டன்களைப் பார்ப்போம். ஓவர்சைஸ் பிஸ்டனின் தலையில் வழக்கமாக அளவைக் குத்தியிருப்பார்கள். இவற்றில் எதுவும் இல்லை, ஒயர் பிரஷ் வீல் சுழன்ற கீறல்தான் இருந்தது. தலையையும் பக்கத்தையும் தேய்த்தவர்கள், ஆயில் ரிங் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு துளைகளை மறந்துவிட்டார்கள். அவற்றில் பழைய கரி அடைத்துக் கிடந்தது. பிஸ்டன் பழையதா புதியதா என்று சந்தேகம் வந்தால் நேராக அங்கே பாருங்கள்.

கிராங்க் விஷயம் இதைவிட மோசம். பேரிங் ஷெல்லின் (ஜர்னலைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடு) முதுகில் அளவு இருக்கும்: 010 அல்லது 0.25 என்றால் முதல் அண்டர்சைஸ், எஸ்டிடி என்றால் ஸ்டாண்டர்ட். இதில் இருந்தது எஸ்டிடி. அதாவது கிராங்க் கிரைண்டிங் மெஷினையே பார்க்கவில்லை. எமரி பட்டையைச் சுற்றி இழுத்து மினுக்கியிருக்கிறார்கள். கையால் எமரி இழுத்தால் ஜர்னலின் கோழிமுட்டை வடிவம் போகாது, சில சமயம் கூடும். மைக்ரோமீட்டரை ஒரே ஜர்னலில் 90 டிகிரி திருப்பி இரண்டு தரம் வைத்துப் பாருங்கள், 0.025 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் கிரைண்டிங் தேவை. தளர்வை மறைக்க இரண்டு பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க முனை) ஷெல்களுக்குப் பின்னால் தகர டின்னிலிருந்து வெட்டிய தகடு வைத்திருந்தார்கள். ஷெல் தன் முதுகு முழுவதும் இரும்போடு ஒட்டியிருந்தால்தான் சூடு வெளியேறும். தகடு வைத்தால் ஷெல் நகரும், வெள்ளை மெட்டல் உருகும், கடைசியில் கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கேப்பை (பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் மூடி) அரத்தால் ராவி இறுக்குவதும் இதே குடும்பம்தான்.

உண்மையிலேயே கிரைண்ட் செய்த கிராங்கிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஜர்னல் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் மூலை வளைவாக இருக்க வேண்டும். கல்லின் ஓரத்தைச் சரியாக டிரெஸ் செய்யாமல் அந்த மூலையைக் கூராக விட்டால் விரிசல் தொடங்குவது அங்கேதான். ஆயில் துளைகளின் வாயும் கூர்மை போக லேசாக உடைக்கப்பட்டிருக்க வேண்டும். பேரிங் இடைவெளிக்குப் பிளாஸ்டிகேஜ் (ஜர்னலில் வைத்து நசுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதும்: கேப்பை முழு டார்க்கில் (குறித்த இறுக்க அளவில்) இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட வேண்டும். 0.03 முதல் 0.06 மி.மீ. வரை சரி.

பக்கவாட்டு வால்வு எஞ்சின்களில் வால்வு சீட் பிளாக்கிலேயே இருப்பதால், சீட்டிலிருந்து சிலிண்டர் பக்கம் விரிசல் விடுவது பழைய கோளாறு. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சீட் பக்கத்தில் இருந்ததை எம்-சீல் மாதிரியான பசையால் பூசி மறைத்திருந்தார்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் எந்தப் பசையும் நிற்காது. டை பெனட்ரன்ட் ஸ்பிரே வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாம்: இடத்தைச் சுத்தமாக்கி, சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். சரியான வைத்தியம், மரை பின்களை வரிசையாக இறக்கித் தைப்பது, அல்லது ஸ்லீவும் புது சீட் வளையமும் போடுவது.

ஆக்ஸில் ஏமாற்று கண்ணுக்கே தெரியாத ரகம். வில்லிஸ் எம்பி ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 4.88, அதாவது பெரிய பல்சக்கரமான கிரௌனில் 39 பல், அதை ஓட்டும் சிறிய பினியனில் 8. சிவிலியன் மாடலான சிஜே-2ஏ-வில் 5.38, அதாவது 43-க்கு 8. வெளியே பார்த்தால் இரண்டு முன் ஆக்ஸிலும் ஏறக்குறைய ஒன்றேதான். பின்னால் 5.38 இருந்த இந்த வண்டியின் முன் ஆக்ஸிலில், ‘புது கிரௌன் பினியன்’ என்று பில் போட்டுக் கையில் கிடைத்த 4.88 செட்டைப் பூட்டிவிட்டார்கள். டூ-வீலில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. ஃபோர்-வீல் போட்டதும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட 10 சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும். இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸில் (முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) அந்த வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். கெட்டித் தரையில் முறுக்கு ஏறி, லிவர் வெளியே வர மறுக்கும், தொடர்ந்து ஓட்டினால் பல் போகும்.

பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கியரை நியூட்ரலிலும் ட்ரான்ஸ்ஃபரை டூ-வீலிலும் வைத்து, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை போட மறக்க வேண்டாம். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் நிலையாக இருப்பதால் கிரௌன் 10 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் 49 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 4.88, 54-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 5.38. முன்னாலும் பின்னாலும் ஒரே எண் வர வேண்டும். கிரௌனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். எண் மாறினால் ஊளைச் சத்தம் நிச்சயம். பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள தளர்வு) டயல் கேஜில் 0.13 முதல் 0.18 மி.மீ. இருக்கட்டும்.

அதே ஹவுசிங்கை மணல் பிளாஸ்டிங் செய்யும்போது ப்ரீதர் துளையையும் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) ஆக்ஸில் குழாய் முனைகளையும் அடைக்கவில்லை. குழாயின் மடிப்பில் தங்கிய மணல் ஆயிலோடு இறங்கிப் பேரிங்குக்குள் போய்விட்டது. புதுப் பேரிங்கின் ரோலர் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. பிளாஸ்டிங்குக்குப் போகும் ஹவுசிங், சேஸிஸ் குழாய் எதுவானாலும் துளைகளை மரக்கட்டையோ ரப்பர் அடைப்போ வைத்து நீங்களே அடைத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் காற்றடித்துக் கழுவி, குழாய்க்குள் வெள்ளைத் துணி இழுத்துப் பாருங்கள். பாடித் தகட்டைக் கரடு மணலுக்கு அனுப்பவே வேண்டாம், அலை அலையாக நெளிந்துவிடும்.

சேஸிஸுக்கு இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறு சுத்தியால் நெடுக்கத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும், துருவை மூடிய பட்டியும் பிளேட்டும் மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் ஹேங்கர்களுக்குக் குறுக்காக இரண்டு மூலைவிட்டமும் அளந்து, 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நேராக்காமல் பாடியை ஏற்றாதீர்கள்.

வெளியே வேலை கொடுக்கும்போது முதல் விதி, எஞ்சினை மூடித் தர விடக்கூடாது. போரிங் முடிந்த பிளாக், கிரைண்ட் முடிந்த கிராங்க், எல்லாம் தனித்தனியாக, பெயின்ட் இல்லாமல் வரட்டும். பூட்டுவது வீட்டில். “நாங்களே அசெம்பிள் பண்ணித் தந்தாத்தான் கேரண்டி” என்று பிடிவாதம் பிடித்தால் பிளாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வது நல்லது. பிஸ்டனை முதலில் நீங்கள் வாங்கிக் கையில் கொடுங்கள், அந்த பிஸ்டனை அளந்துதான் போர் வெட்ட வேண்டும். இந்த எஞ்சினின் அலுமினிய பிஸ்டனுக்கு இடைவெளி 0.08 மி.மீ. அளவில். வேலைச் சீட்டில் ‘போரிங் வேலை’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு ஜர்னலுக்கும் வேலைக்கு முந்தைய அளவு, வேலைக்குப் பிந்தைய அளவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பிளாக், கிராங்க், கேப் எல்லாவற்றிலும் வெளியே தெரியாத இடத்தில் ஒரு சென்டர் பஞ்ச் புள்ளி வைத்து, வார்ப்பு எண்ணோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கிராங்க் போய்த் தேய்ந்த கிராங்க் திரும்பி வருவது கட்டுக்கதை அல்ல. மெயின் கேப்கள் பிளாக்கோடு சேர்த்துத் துளைத்தவை, ஒன்று மாறினாலும் கிராங்க் பிடிக்கும். பூட்டும்போது மெயின் கேப்களை மட்டும் டார்க்கில் இறுக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் தடவிய கிராங்க் விரல் பலத்தில் சுற்ற வேண்டும்.

பூட்டுவதற்கு முன் பிளாக்கைக் கழுவுவதும் உங்கள் வேலையே. ஹோன் கல்லின் பொடி பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ போகாது, கோடுகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். சுடுநீர், சோப்புத்தூள், விறைப்பான பிரஷ் வைத்துத் தேய்த்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பலாக வந்தால், வெள்ளையாகவே வரும்வரை மறுபடி கழுவ வேண்டும். சுத்தமான கணமே ஆயில் பூசாவிட்டால் போர் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஓடும் எண்ணெய்ப் பாதை) பிளக்குகளைக் கழற்றாமல் கழுவிய பிளாக்கைக் கழுவியதாகவே எண்ண வேண்டாம்.

பழைய பிஸ்டன், ஷெல், ரிங், கிரௌன் பினியன் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். இந்தப் பட்டறை “இரும்புக் கடைக்குப் போட்டாச்சு” என்றது. போட்டிருக்க முடியாது, பிஸ்டன் நான்கும் எஞ்சினுக்குள்ளேதான் இருந்தன.