கையிருப்பைத் தள்ளும் மாத்திரையும் உற்பத்தியைக் கூட்டும் ஊசியும்

கோத்தகிரியில் எங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் அக்கா ஒருவர், காலையில் சர்க்கரை நோய்க்கான கிளிமிப்ரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வரட்டீயோடு கொழுந்தெடுக்கப் போனவர், பதினொரு மணிக்குத் தேயிலைச் சரிவிலேயே வியர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரையில் இருந்தவர் நீட்டிய வெல்லத்துண்டுதான் அவரை எழுப்பியது. இன்சுலினைச் சுரக்கவைக்கும் இரு மருந்துவகைகளை ஒப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சரிவு நினைவுக்கு வரும்.

கிளிமிப்ரைடு சல்போனைல்யூரியா வகையைச் சேர்ந்தது. 1942-இல் பிரான்சின் மான்பெல்லியே நகரில் டைபாய்டுக்கு, கிருமிகளை எதிர்க்கும் ஒரு சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர் மார்செல் ஜான்பான், நோயாளிகளின் சர்க்கரை தாழ்வதைக் கவனித்ததிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. உண்ட சர்க்கரை எரிந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி பெருகும்போது அது மூடும். சவ்வின் மின்னழுத்தம் மாறும். கால்சியம் உள்ளே பாயும். இன்சுலின் பொதிந்த நுண்பைகள் சவ்வோடு இணைந்து வெடிக்கும். மாத்திரையோ, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமலேயே அந்த வாயிலை மூடிவிடுகிறது. வயிறு காய்ந்திருந்தாலும் கிடங்கு திறக்கும் என்பதே அக்காவின் நடுக்கத்துக்குக் காரணம். போன சரக்கை ஈடுகட்டும் வலு இதற்குக் குறைவு; இவ்வகை மருந்துகள் சிலவற்றில் நெடுநேரம் ஊறிய செல்களில் இன்சுலின் இருப்பு குறைவதைச் சோதனைக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

எக்ஸெனடைடு, செமாகுளுடைடு போன்ற ஊசிகள் வேறொரு கதவைத் தட்டுகின்றன. உணவு குடலை எட்டியதும் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன், ஓரிரு நிமிடங்களிலேயே நொதியால் சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்பட்டு, அதைவிட நெடுநேரம் நிலைப்பவை இவை. பீட்டா செல்லின் மேற்பரப்பில் அந்த ஹார்மோனுக்கான பூட்டுப்போல இருக்கும் ஏற்பியில் இவை பொருந்தியதும், உட்புறத்தில் செய்தி கடத்தும் ஜி-புரதம் விழித்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுமூலக்கூறு பெருகுகிறது. அத்தூது இரண்டு வேலைகளைச் செய்கிறது. சில நிமிடங்களுக்குள், புரதக் கைனேஸ்-ஏ, எப்பாக்-2 என்னும் இரு புரதங்களின் வழியே நுண்பைகளை வெளியேறத் தயார்படுத்துகிறது. மணிக்கணக்கில் நீளும் இரண்டாவது வேலை உட்கருவில் நடக்கிறது: பிடிஎக்ஸ்-1 போன்ற புரதங்கள் இன்சுலின் மரபணுவின் முகப்பில் அமர, மரபணுவின் செய்முறையைச் சுமந்து செல்லும் தூது ஆர்என்ஏ கூடி, புதிய இன்சுலின் உருவாகிறது. விற்ற தூளுக்கு ஈடாகப் புதுக்கொழுந்தையும் வாங்கிப்போடும் தேயிலை ஆலை என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மரபணுவைக் காட்டிலும், இந்த ஏற்பியின் அடக்கம்தான். சைக்ளிக் ஏஎம்பி எவ்வளவு கூடினாலும், சர்க்கரை வந்து முதலில் அந்தப் பொட்டாசிய வாயிலை மூடாவிட்டால் சுரப்பு பெரிதாக எழாது; ஆகவே தனியாகக் கொடுக்கும்போது ஊசியால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தாலோ அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும்.

குறைகளும் உண்டு. குமட்டல் பலரைப் படுத்துகிறது. விலை, தினக்கூலிக்காரர் நெருங்கக்கூடியதன்று. ஊசியைக் குளிரில் காக்க வேண்டும், ஆனால் உறைந்தால் தூக்கி எறிய வேண்டும். சனவரி உறைபனியில் ஊட்டிக்காரர்கள் அதை ஜன்னலோரம் வைக்காமல் இருப்பது நல்லது.

செல்லின் கணக்குப்படி, வேளை தவறி உண்டு சரிவில் உழைப்பவருக்கு ஊசியே பொருந்தும் என்பது என் கருத்து. அக்கா இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறார். இப்போது ராகிக்களி உண்ட பிறகே கூடையைத் தூக்குகிறார், மடியில் வெல்லத்தோடு.