தடித்த தோல் மூக்குக்கு ரைனோபிளாஸ்டி: காசுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

ரைனோபிளாஸ்டி என்றால் மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வழியும் தடித்த தோலை வைத்துக்கொண்டு பென்சில் முனை மாதிரி மூக்கு நுனி வேண்டும் என்றால் அது எந்த டாக்டர் கையிலும் நடக்காது. பக்கவாட்டில் முகம் நன்றாக மாறும், மூக்கு கீழே தொங்குவது நிற்கும், முகத்துக்குப் பொருத்தமாக உட்காரும். நேராகப் பார்க்கும்போது தெரியும் மாற்றம் கொஞ்சம்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் திருப்தியாக வரலாம். நான் அண்ணா நகர் பக்கம் ஒரு கிளினிக்கில் செய்துகொண்டு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் தேடியபோது கண்ணில் பட்ட ரிவ்யூ எல்லாம் கட்டுப் பிரித்த வாரத்தில் சந்தோஷத்திலோ கோபத்திலோ எழுதியவை. தடித்த தோலுக்கு அந்த வாரத்து மூக்கை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது.

என்னுடையது அப்பா வீட்டு மூக்கு. அத்தைகள் எல்லோருக்கும் அதேதான்: உருண்டை நுனி, அகலமான நாசி, நடுவில் சின்னதாக ஒரு மேடு, சிரித்தால் நுனி உதட்டை நோக்கி இறங்கும். துவாரங்கள் பெரிதாகத் தெரியும் தோல். சென்னை வெயிலில் காலை பதினொரு மணிக்கே டிஷ்யூவால் ஒற்றினால் எண்ணெய் வரும். அதோடு உள்ளே மூக்கை இரண்டாகப் பிரிக்கும் சுவரான நடுத்தண்டும் வளைந்திருந்ததால் ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு.

ஆலோசனைக்குப் போன இடங்களில் ஒன்றில் டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு கவுன்சிலர் வந்து உட்கார்ந்து, என் போட்டோவை டேப்லெட்டில் ஏற்றி, விரலால் இழுத்து இழுத்து நுனியைக் கூராக்கிக் காட்டினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்றும் சொன்னார். என் தோலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்த சர்ஜன் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் மூக்கு நுனித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தது. அப்புறம் நுனியை உள்ளே அழுத்தினார். நுனி எதிர்ப்பே இல்லாமல் அமுங்கியது. “தோல் கனமா இருக்கு, உள்ள இருக்கிற குருத்தெலும்பு ரொம்ப சாஃப்ட்டா இருக்கும்மா. நாற்காலி மேல வேட்டியைப் போட்டா விளிம்பு தெரியும், ஜமக்காளத்தைப் போட்டா தெரியாது. உங்களுக்கு ஜமக்காளம்” என்றார். கொஞ்சம் வலித்தது, உண்மையைச் சொன்னால். ஆனால் நான் கட்டிய ஆலோசனைக் கட்டணத்துக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூக்குத் தோல் எல்லா இடத்திலும் ஒரே கனம் கிடையாது. நடுமேட்டில்தான் மிக மெல்லியது, புருவத்துக்கு நடுவிலும் நுனியிலும் கனம். நம்மைப் போன்றவர்களுக்கு நுனித் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் அடியில் கொழுப்பும் நாரும் அதிகம். பெரிய மூக்கைச் சின்னதாக்கணும், அதனால் உள்ளே இருப்பதை வெட்டி எடுக்கணும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மெல்லிய தோல் என்றால் அது சுருங்கி உள்ளே இருக்கும் வடிவத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த தோல் அந்த அளவுக்குச் சுருங்காது. உள்ளே நிறைய வெட்டினால் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, அங்கே தழும்புத் திசு வளர்ந்து, நுனிக்குச் சற்று மேலே கிளி மூக்கு மாதிரி ஒரு புடைப்பு வரும். ஆசைப்பட்டு வெட்டியவர்கள் முன்பைவிட உருண்டையான மூக்கோடு திரும்புவது இப்படித்தான்.

அதனால் தடித்த தோலுக்கு முக்கியமான வேலை வெட்டுவது இல்லை, தாங்கு கொடுப்பது. நடுத்தண்டிலிருந்தோ, அது போதாவிட்டால் காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து, நுனிக்கு அடியில் உறுதியாக நிறுத்தித் தைத்து, உள்ளிருந்து தோலைத் தள்ளிப் பிடிக்க வைக்கிறார்கள். எனக்கு நடுத்தண்டும் ஒரு காதும். ஆக மூக்கு சின்னதாகவில்லை. நுனி முன்பைவிடத் துளி வெளியே நிற்கிறது. ‘குறைக்கத்தானே போனே, என்ன இது?’ என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், இரண்டு தரம் விளக்கியும் அவருக்கு ஏறவில்லை.

அறுவைக்கு முன் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள், இது எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெயைக் குறைக்கும் க்ரீம், சன்ஸ்கிரீன், சிலருக்கு எண்ணெய்ச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. அந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலை வேண்டாம். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கடுமையான கேடு செய்யும் மருந்து அது. அறுவைக்கு எவ்வளவு நாள் முன்பு நிறுத்துவது என்பதிலும் சர்ஜனுக்குச் சர்ஜன் கணக்கு வேறு. மூக்குத்தியையும் கழற்றிவிடச் சொன்னார்கள். துவாரம் தூர்ந்துவிட்டால் நன்றாக ஆறிய பிறகு புதிதாகக் குத்திக்கொள்ளலாம் என்றார்கள், எனக்குத் தூர்ந்துதான் போனது.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழு மயக்கம், இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் பட்டையில் சின்னக் கீறல், மேட்டை ராவி, எலும்பை உள்ளே சாய்த்து, வெளியே மூக்கு அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட். வலி நான் பயந்த அளவு இல்லை. மூக்கு அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டு, தொண்டை காய்ந்து தூங்காமல் கிடந்ததுதான் கொடுமை. கண்ணுக்குக் கீழே ஊதா. சுமார் ஒரு வாரத்தில் ஸ்ப்ளின்ட் எடுத்தார்கள்.

உண்மையான ரிவ்யூ வீக்கத்தில்தான் இருக்கிறது. வீக்கம் வடிய மெல்லிய தோலுக்கே ஒரு வருஷம் என்பார்கள், தடித்த தோலுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகும், அதுவும் நுனிதான் கடைசி. மூன்றாவது மாதம் வாக்கில் என் மூக்கு அறுவைக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நுனி மரக்கட்டை போல் விறைத்து, தொட்டால் உணர்வே இல்லை, சிரித்தால் மேலுதடு பாதியில் நின்றுவிடும். காலையில் எழும்போது உப்பல், சாயங்காலம் கொஞ்சம் வடிந்திருக்கும். முந்தின ராத்திரி அப்பளமும் ஊறுகாயும் வெளுத்துக் கட்டியிருந்தால் மறுநாள் கண்ணாடியில் தெரியும். ஒரு கல்யாணத்துக்குப் போனால் சித்தி ‘என்னடி, வண்டியிலிருந்து விழுந்தியா’ என்கிறார்.

ராத்திரி மைக்ரோபோர் டேப்பை நுனிக்கு மேலே இழுத்து ஒட்டச் சொன்னார்கள். கத்திரி வெயிலில், கரண்ட் போன ராத்திரியில், எண்ணெயும் வேர்வையும் சேர்ந்த மூக்கில் அது நிற்குமா? முகத்தை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர விட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒட்டினால்தான் நின்றது. நுனிக்கு மேலே கெட்டியாகவே இருந்த இடத்தில் கெனகார்ட் என்ற ஸ்டீராய்டு ஊசியைக் கொஞ்சமாக, இடைவெளி விட்டுப் போட்டார்கள், அது நன்றாக வேலை செய்தது. அவசரப்பட்டு அதிகம் போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள், தோல் மெலிந்து பள்ளம் விழும். கண்ணாடி போடுகிறவர்கள் சில வாரம் மூக்கில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகம் மூடும் ஹெல்மெட் கழற்றும்போது நுனியில் இடிக்கும் என்பதால் ஸ்கூட்டிக்கு நீண்ட விடுமுறை விட்டுவிட்டு ஆட்டோவுக்கு அழுதேன்.

இப்போது எப்படி இருக்கிறது? பக்கவாட்டில் மேடு இல்லை, சிரித்தால் நுனி இறங்குவதில்லை, இரண்டு பக்கமும் மூச்சு வருகிறது. இந்த மூன்றுக்கும் முழு மதிப்பெண். நேராகப் பார்த்தால் நுனி இன்னும் உருண்டைதான், ஆனால் எங்கே முடிகிறது என்று தெரியும் உருண்டை. நாசியின் அகலத்தைக் குறைக்க அடியில் வெட்டியிருக்கலாம், மடிப்பில் தழும்பு தெரியும் வாய்ப்பைச் சொன்னதும் நான் வேண்டாம் என்றேன். தோலில் இருக்கும் துவாரங்கள் அப்படியே இருக்கின்றன, அதற்கும் அறுவைக்கும் சம்பந்தமே இல்லை. ஆபீசில் பாதிப் பேருக்கு வித்தியாசமே பிடிபடவில்லை, ‘முடி வெட்டினியா?’ என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு இது பாராட்டுதான். ஊரே திரும்பிப் பார்க்கும் மாற்றத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், அவர்கள் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். தோலுக்கு அடியில் ஜெல் ஏற்றும் ஃபில்லர் ஊசியால் சரிசெய்கிறேன் என்பவர்களிடமும் உஷார். அது மூக்கைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. தப்பித் தவறி ரத்தக் குழாயில் போனால் தோல் அழுகலாம், கண்பார்வையே போகலாம்.

பண விஷயத்தில்தான் கிளினிக்குக்கு மதிப்பெண் குறைக்கிறேன். நான் விசாரித்த இடங்களில் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை சொன்னார்கள், இவர்கள் நடுவில். எஸ்டிமேட்டில் மயக்க மருந்து டாக்டர் ஃபீஸும் ஜிஎஸ்டியும் இல்லை, டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில்தான் தெரிந்தது. கேட்டால் ‘எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்’ என்று பதில். அழகுக்காகச் செய்வதை இன்சூரன்ஸ் தராது, பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் (விலக்கு) 08 என்று தனியாகவே போட்டிருக்கும். நடுத்தண்டு வளைவுக்கான பகுதிக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். விபத்தில் உடைந்த மூக்கு, பிறவிக் குறை என்றால் தனியாருக்கு ஓடும் முன் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் காட்டுங்கள்.

டாக்டர் பதிவைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரியா (அந்தத் துறையின் மேல்படிப்பு), மூக்கு அறுவையில் பழகிய இ.என்.டி.யா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் தோல் மாதிரியே இருப்பவர்களின், குறைந்தது ஒரு வருஷம் கழித்து எடுத்த நேர்முகப் போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டுப் படத்தை மட்டும் காட்டுகிற இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம், இந்தக் கிளினிக் இருக்கும் தெருவில் பார்க்கிங் சுத்தமாகக் கிடையாது. அறுவை அன்று மட்டும் கார் வைத்துக்கொண்டு, மற்ற செக்கப்புக்கெல்லாம் மெட்ரோவில் போய்விடுங்கள், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான்.