சுங்கை சிப்புட் குழுக்களுக்கு பேண்ட்லேப்: தூரத்தில் இருந்தே பாட்டு கட்ட உதவுமா?

கீபோர்டுக்காரருக்கு ஈப்போவில் வேலை, உருமிக்காரருக்குச் செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் குழு ஒன்றாக உட்காருவதே பெரிய பாடு. அங்கேதான் சிங்கப்பூரில் உருவான பேண்ட்லேப் கைகொடுக்கிறது; அவரவர் இடத்தில் இருந்தே ஒரே பாட்டில் இணையம் வழியாகப் பதிந்து சேர்க்கும் செயலி இது. இலவசம்; கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும்.

முதலில் ஒருவர் வேகத்தையும் சுருதியையும் முடிவு செய்து புராஜெக்டைத் திறக்க வேண்டும். பாதியில் வேகத்தை மாற்றினால் பதிந்த குரல் தாளம் தப்பலாம். பிறகு வேகத்துக்கேற்பத் தட்டு போடும் மெட்ரோனோம் போட்டு, பல்லவி மெட்டை முனகிப் பதிந்து, மற்றவர்களை அழைத்தால் போதும். வரி எழுதுபவருக்கு அந்த முனகல்தான் அளவுகோல். மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் குறில் விழுந்தால் பாடகர் சொல்லை இழுத்துக் கெடுத்துவிடுவார்.

ஒவ்வொரு சேமிப்பும் தனிப் பதிப்பாக நிற்பது அருமை. மாற்றிய சரணம் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் இருவர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்தால் எது கடைசிப் பதிப்பு என்று குழப்பம் வரும். "நான் திறக்கிறேன்" என்று வாட்ஸாப்பில் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

புளூடூத் இயர்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும். 90 பிபிஎம்-இல் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு தட்டு 0.67 விநாடி, அதில் 0.15 விநாடி தாமதமானாலே உருமி பின்தங்கிக் கேட்கும். வயர் உள்ளதையே மாட்டுங்கள். உருமியின் பலமான அடி கைப்பேசி மைக்கில் சட்டென்று கரகரத்து உடையும். ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, மிகப் பலமான அடியை முதலில் சோதித்துப் பாருங்கள். தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் குரல் பதியாதீர்கள், அந்த இரைச்சலை எந்த எஃபெக்டும் முழுசாக எடுக்காது.