ஐப்பசியில் எந்த மலை ஏறலாம்? ஏற்காடு, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து தீபாவளி வரும்வரை எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: எந்த மலைக்குப் போவது? நாங்கள் ஐந்து பேர். நானும் வீட்டுக்காரரும், ஆறாவது படிக்கும் பெரியவள், யூ.கே.ஜி. போகும் சின்னவன், முட்டிவலியோடு என் மாமியார். இருப்பது ஈரோட்டில். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது. இந்தக் கணக்குக்குள் எங்களுக்கு அடங்கும் மலைகள் நான்கு. நான்குக்கும் இந்தப் பருவத்தில் போயிருக்கிறோம். நன்றாக இருந்த பயணமும் உண்டு, நனைந்துகொண்டு திரும்பிய பயணமும் உண்டு.

பெரியவள் பாடப்புத்தகத்தில் இலையுதிர் காலம் என்று படித்துவிட்டு, மலையில் மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் என்று நினைத்திருந்தாள். நம் மலைகளில் ஐப்பசியில் இலை உதிர்வதில்லை, மண்தான் உதிர்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டையும் பழைய கணக்கில் கூதிர் என்பார்கள். குறிஞ்சி நிலத்துக்கு உரிய பெரும்பொழுதே கூதிரும் முன்பனியும்தான். சங்ககாலத் தலைவன் நடுராத்திரியில் மழையோடு மலைவழி நடந்து வந்தான், சரி. அவன் பின்சீட்டில் வாந்தி எடுக்கும் பிள்ளை யாரும் இல்லை.

மே மாதத்தில் மலைக்குப் போகிறவர்களுக்குக் கூட்டம்தான் கவலை. இப்போது போகிறவர்களுக்கு மழை. அந்த மழை எல்லா மலையிலும் ஒரே மாதிரி பெய்வதில்லை என்பதை நாங்கள் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது மேற்கு பார்த்த சரிவுகள் நனையும்: வால்பாறை, கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம். அக்டோபர் நடுவில் காற்று திரும்பி வங்கக்கடலிலிருந்து வர ஆரம்பித்ததும், கிழக்கு பார்த்த சரிவுகளின் முறை: குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல். கொடைக்கானலில் வருடத்திலேயே அதிகம் மழை பெய்வது அக்டோபர், நவம்பரில்தான். தமிழ்நாட்டின் சிரபுஞ்சி என்று பெயர் வாங்கிய சின்னக்கல்லாறு இருக்கும் வால்பாறைக்கோ, ஐப்பசியில் ஜூலை மாதத்து மழையில் பாதிகூட இருக்காது. ஏற்காடு இரண்டு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அங்கே பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு ஒரு மழை கொட்டும், மறுநாள் காலை பளிச்சென்று விடியும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. பகலில் சுற்றிவிட்டு, மழைக்கு அறைக்குள் உட்கார்ந்துகொள்ளலாம்.

கொடைக்கானலை இங்கேயே முடித்துவிடுகிறேன். பழனி வழியாக ஏறினால் மலைப்பாதை மட்டுமே 64 கிலோமீட்டர். ஈரோட்டிலிருந்து போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு தூரம் போய் தூண் பாறை முன்னால் நின்றோம். 400 அடி உயரப் பாறைகள் எதிரில் இருக்கின்றன என்று பலகை சொன்னது. எங்களுக்குத் தெரிந்தது பால் வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும். அத்தை முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, "ஏங் கண்ணு, இந்த வெள்ளையப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றார். கோக்கர்ஸ் வாக்கிலும் அதே கதை. ஏரியைச் சுற்றிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டியதுதான் மிச்சம். கொடைக்கானல் மோசம் என்று சொல்ல வரவில்லை. பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கி, மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் உட்கார்ந்துவிட்டு வர அருமையான ஊர். ஆனால் அதற்கு மூன்று நாள் வேண்டும், வானமும் தெளிவாக இருக்க வேண்டும். ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதை. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் எங்களுடையது. காரணம் சின்னவன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் சாலையில் 14, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. வீட்டுக்காரர் ஒருமுறை கொல்லிமலை என்று ஆரம்பித்தார். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 வளைவு. ஏறியபிறகு ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், மழைக்காலத்தில் பாசி வேறு. அத்தை முட்டியைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது.

எண்ணிக்கை மட்டும் போதாது, நேரமும் பார்க்க வேண்டும். குன்னூர்ச் சாலையில் வளைவு குறைவுதான். ஆனால் சனிக்கிழமை பர்லியாறைத் தாண்டினால் முன்னால் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஊர வேண்டும். வளைவை விட இந்த நின்று நின்று போகிற ஓட்டம்தான் குழந்தை வயிற்றைப் புரட்டுகிறது. ஏற்காட்டில் 20 வளைவும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துபோகும். இஞ்சி மரப்பா ஒன்று வாயில் கரைவதற்குள் மேலே போய்விடலாம். வெறும் வயிற்றோடு ஏற்றினால் வாந்தி வராது என்பது பொய். இரண்டு இட்லி சாப்பிட வைத்து, பால் மட்டும் கொடுக்காமல் கூட்டிப் போனபோதுதான் சின்னவன் சமர்த்தாக இருந்தான்.

ஆக, உண்மையான போட்டி ஏற்காட்டுக்கும் குன்னூருக்கும்தான்.

குன்னூர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லோரும் ஊட்டி என்றுதான் கிளம்புகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் அங்கே இரண்டாம் சீசன். தாவரவியல் பூங்காவில் தொட்டி தொட்டியாகப் பூ அடுக்கி வைத்திருப்பார்கள், கண்ணுக்கு விருந்துதான். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் ஐப்பசி ராத்திரிக் குளிர் அத்தையின் மூட்டுக்கு ஆகாது. ஒருமுறை அங்கே நாங்கள் தங்கிய விடுதியில் வெந்நீர் வராமல், காலை ஆறு மணிக்கு அடுப்பில் தண்ணீர் காய வைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். குன்னூர் கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே இருக்கிறது. குளிர் தாங்கும். அங்கே தங்கி, ஊட்டியை ஒரு பகலில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம், ரயில். பிள்ளைகளைப் பொறுத்தவரை நீலகிரி என்றாலே ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓட ஆரம்பித்தது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கு மேலே நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். கேட்கவே ஆசையாக இருக்கிறது இல்லையா? ஆனால் முழுத் தூரமும் ஏற ஐந்து மணி நேரம். யூ.கே.ஜி. பிள்ளை முதல் இரண்டு குகைக்குக் கத்துவான், மூன்றாவதுக்குப் பிறகு "எப்பம்மா வரும்?" என்பான். இன்னொன்று, வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பாறை சரிந்து விழுந்து வண்டியை ரத்து செய்வது வழக்கமான ஒன்று. மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்துவிட்டு, முதல் நாள் ராத்திரி ரத்து என்று செய்தி வந்தால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது. அனுபவித்துச் சொல்கிறேன்.

அதற்கு மாற்று, குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வண்டி. 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் சொச்சம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். எஞ்சின் டீசல்தான், பல் தண்டவாளமும் கிடையாது. ஆனால் கேத்தி பள்ளத்தாக்கு ஜன்னல் நிறைய வரும். கீழே வழி அடைத்திருக்கும் நாட்களிலும் இந்தப் பகுதி பெரும்பாலும் ஓடும். சின்னவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்கு அது ரயில், அது போதும்.

குன்னூரின் குறை எங்கே என்றால், தரை எங்குமே சமமாக இல்லை. 1874இல் அமைத்த சிம்ஸ் பூங்கா அழகுதான், ஆனால் அது ஒரு பள்ளத்துக்குள் சரிந்து கிடக்கிறது. இறங்கினால் ஏற வேண்டும். அத்தை வாசலுக்குப் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தார். டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போகிற வழியில் மழை வந்தால் தேயிலைத் தோட்டமும் தெரியாது, பாதையும் தெரியாது. நவம்பர் மழையை நீலகிரியில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2009 நவம்பரில் அங்கே நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஏற்காட்டுக்கு வருவோம். ஏழைகளின் ஊட்டி என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். எனக்கு அது பிடிக்காது. ஏதோ ஊட்டிக்குப் போக முடியாதவர்கள் போகிற இடம் மாதிரி இருக்கிறது. ஈரோட்டில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் நிற்கலாம். குன்னூர் போகிறவர்கள் அப்போது மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் பயணத்தில் இந்தக் கூடுதல் ஒன்றரை மணி நேரம், போக வர மூன்று மணி, சின்ன விஷயமில்லை. ஒரு படகுச் சவாரியும் ஒரு மதியத் தூக்கமும் அதில் அடங்கும்.

பார்க்க அதிகம் இல்லை என்பார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது குறையா, நிறையா? ஏரி, பக்கத்திலேயே அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில். எல்லாம் கிட்டக்கிட்ட. சேர்வராயன் கோயில் குகைக்குள் தலை குனிந்துதான் போக வேண்டும். மேலே வரை சாலை இருப்பதால் அத்தையும் தரிசனம் செய்தார், மலை உச்சியின் சமவெளியில் காற்று வாங்கினார். லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி பார்த்தால் சேலம் முழுக்க விளக்கு. சாயங்கால மழை விட்ட பிறகு அந்த விளக்குகள் கழுவி வைத்த மாதிரி இருக்கும். மே மாதத்தில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. கிளியூர் அருவியும் அப்படித்தான். கோடையில் வெறும் பாறை, ஐப்பசியில் கொட்டும். ஆனால் படிகள் செங்குத்து. பெரியவளும் அப்பாவும் மட்டும் போனார்கள், நாங்கள் மேலேயே நின்றுகொண்டோம்.

நடக்கிற வழியெல்லாம் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி, பச்சை மிளகு சரம் சரமாகத் தொங்கும். காபிக் காய்கள் சிவக்கத் தொடங்கும் நேரம். தினமும் குடிக்கிற காபி இப்படித்தான் காய்க்கிறது என்று பெரியவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு காயைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இனிப்பா இருக்கு, பொய் சொல்றீங்க" என்றாள்.

ஏற்காடு மழைக்கு அசையாத மலை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சேலம் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் எந்த மலையும் வேண்டாம். மற்ற நாட்களில், மழை வலுத்தால் ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கிவிடக்கூடிய மலை என்பதே எனக்குத் தைரியம். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் இருக்கிறது.

வால்பாறை தனி ரகம். பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால், வாந்தித் தொல்லை இல்லையென்றால், நான்கில் அதற்குத்தான் என் ஓட்டு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு நின்றால் பக்கத்துப் பாறையில் வரையாடு மேயும். நம் மாநில விலங்கை இங்கே சுலபமாகப் பார்த்துவிடலாம். புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்திலேயே சிங்கவால் குரங்குகள். அவற்றுக்குத் தின்ன எதுவும் கொடுக்காமல் பிள்ளைகளைப் பிடித்து வைப்பதுதான் பெரியவர்கள் வேலை. தேயிலைக்கு நடுவே யானை நடமாடினால் சிவப்பு விளக்கு எரிந்து எச்சரிக்கும். சிறுத்தையும் உண்டு, அதனால் சாயங்காலத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளை அறை வாசலில்கூட விளையாட விடக் கூடாது. மழை ஈரத்தில் அட்டை கடிக்கும், உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும். இருட்டுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. சின்னவன் இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருக்கிறோம்.

கிளம்புவதற்கு முன் காகித வேலை ஒன்று. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். காசு கிடையாது, இணையத்தில் ஐந்து நிமிட வேலை. அரசு பஸ்ஸில் போனால் அதுவும் வேண்டாம். மற்ற மலைகளுக்கும் விதி மாறியிருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

இந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஏற்காடு என்று முடிவாகிவிட்டது. குன்னூர் ரயில் பொங்கல் விடுமுறைக்கு என்று சின்னவனிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார் அவன் அப்பா. அத்தை இப்போதே மூன்று குடை எடுத்து வாசல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டார்.