காரைக்குடியில் ஸ்விங்ஆர்ம் நீட்டப் போகிறீர்களா? கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள்

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) எக்ஸ்டென்ஷன் போட்டுத் தருகிறோம் என்று காரைக்குடியில் ஒரு பட்டறை ரீல்ஸ் போட்டுப் பையன்களை இழுத்துக்கொண்டிருக்கிறது. பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி நிஞ்ஜா 300. இருங்காட்டுக்கோட்டை டிராக் (drag) ரேஸில் ஓட்டிப் பார்க்க ஆசை. 402 மீட்டர் நேர் ஓட்டம். கிளட்சை விட்டதும் முன்சக்கரம் தூக்காமல் இருக்கத்தான் பின்சக்கரத்தைப் பின்னால் தள்ளுவது. கம்பெனி வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 1405 மி.மீ.; நான்கு இன்ச் நீட்டினால் 1500ஐத் தாண்டும்.

"பெங்களூர் சரக்குண்ணே, பில்லெட் அலுமினியம். செயின், ஹோஸ் எல்லாம் சேர்த்துத்தான்" என்று பட்டறைக்காரர் 22,000 ரூபாய் பேசினார். பில்லெட் என்றால் முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்.

வண்டியை எடுத்துக்கொண்டு கானாடுகாத்தான் கிளம்பினேன். கோட்டையூர் தாண்டி ஒரு வேகத்தடையில் இறங்கியபோதே பின்னால் 'டக்' என்று இடித்தது. அப்புறம் பள்ளத்தூர் வரை செயின் எதிலோ உரசுகிற சத்தம். வீட்டு முகப்பில் நிறுத்தி, ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது.

ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எக்ஸ்டென்ஷனில் வைத்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. அலுமினியத்தில் காந்தம் எங்கே ஒட்டும்? சாதா இரும்புப் பட்டையை வெட்டி சில்வர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆக்ஸில் (சக்கர அச்சு) துளை பெரிதாகிவிட்டதால் ஆட்டம் தெரியாமலிருக்க வாஷர் திணிப்பு வேறு: இடது பக்கம் மூன்று, வலது பக்கம் ஒன்று. ஆக்ஸில் கோணலாக நின்றது.

செயின் கதை இன்னும் மோசம். இந்த வண்டிக்கு 520 சைஸ், 106 லிங்க் (கண்ணி). நான்கு இன்ச் பின்னால் போனால் மேலும் கீழுமாக எட்டு இன்ச் கூடுதலாக வேண்டும். ஜோடி ஜோடியாகத்தான் சேர்க்க முடியும் என்பதால் 12 அல்லது 14 லிங்க். அந்த நீளத்துக்கு ஒரே புதுச் செயினாகப் போடுவதுதான் முறை. இவர்களோ தேய்ந்து இழுபட்ட என் பழைய செயினோடு வேறெதோ துண்டை இரண்டு கிளிப் லாக் வைத்துக் கோத்திருந்தார்கள். கிளிப்பின் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிராகப் பார்க்க வேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தது. எதிலாவது தட்டினால் கழன்றுவிடும்.

பிரேக் ஹோஸ் பழையதே, தம்பூராக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. ஏபிஎஸ் சென்சார் வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். நீளம் கூடினால் பின் ஷாக் சுலபமாக அமுங்கிப்போகும், ஸ்பிரிங்கையும் கவனிக்க வேண்டும். அந்த 'டக்' அதனால்தான். இதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். "போலீஸுக்குப் போனா உங்க மேலதாண்ணே கேஸ்" என்றார், சிரித்துக்கொண்டே. அதில் பாதி உண்மை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட விழலாம். இந்தப் பயத்தை நம்பித்தான் இவர் கடையே நடக்கிறது. ஆனால் இரும்பை அலுமினியம் என்று விற்றது வேறு சங்கதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீதும், 'பில்லெட்' என்று அவரே பேசிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டும் பத்திரமாக இருக்கின்றன.

அங்கே ஏற்கனவே வேலை பார்த்தவர்கள் அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன் கிளிப்பையும் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். அவர் அனுப்பிய போட்டோ, வாய்ஸ் நோட் எதையும் அழிக்க வேண்டாம். இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.