மாறிக்கொண்டே இருக்கும் ஐபியில் வீட்டு மெயில் சர்வர்: நாலு வருஷ அனுபவம்

மெயில் வாங்க வீட்டு சர்வர் தாராளமாகப் போதும், நேரடியாக அனுப்பத்தான் ஆகாது. நாலு வருஷம் ஓட்டியதில் நான் கண்டது இதுதான்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, அதில் டெபியன் லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கத் தர டவ்காட். முதல் வருஷமே மெமரி கார்டு போய்விட்டது, இப்போது எஸ்எஸ்டி. எங்கள் தெருவில் கரண்ட் போய் வந்தால் ரௌட்டர் புது ஐபியோடுதான் எழுந்திருக்கும். டிடிகிளையன்ட் என்ற நிரல் ஐந்து நிமிஷத்துக்கொருமுறை பார்த்து, என் டொமைன் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றிவிடும். நடுவில் வரும் மெயில் தொலைந்துபோகுமோ என்று பயந்தேன். போகாது, அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும், போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள் வரைக்கும். எனக்குக் கவலை என் பழைய ஐபி போய்ச் சேரும் வீட்டைப் பற்றித்தான். அங்கேயும் ஒருவர் மெயில் சர்வர் வைத்திருந்து, அது 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று 550 என்ற நிரந்தர மறுப்பைச் சொல்லிவிட்டால் மறுமுயற்சியே கிடையாது, மெயில் திரும்பிவிடும். இதுவரை அப்படி ஆனதாகத் தெரியவில்லை, ஆனாலும் டிடிஎல்லை, அதாவது பழைய ஐபியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியிலிருந்து 60க்கு இறக்கிவிட்டேன்.

அனுப்புவதுதான் தலைவலி. மெயில் என் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு முதல் மெயிலை அனுப்பினால் பத்து நொடியில் திரும்பி வந்தது. லாகில் பார்த்தால், ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் என் ஐபி இருந்தது. நான் ஸ்பாம் அனுப்பினேன் என்று அர்த்தமில்லை, வீட்டு இணைப்புக்கான ஐபிகளிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்பதுதான் அந்தப் பட்டியலின் கணக்கு. ஐபியை வைத்துப் பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் நம் கையில் இல்லை. இணைப்பு தரும் கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, "சார், மோடத்த ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார்கள். அப்புறம் போகிற மெயிலையெல்லாம் காசு கட்டி ஒரு ரிலே (நமக்காக மெயிலை அனுப்பித் தரும் சர்வர்) வழியாக, 587ஆம் போர்ட்டில் விட்டேன். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாம் வருஷம் பெரிய அடி. இரண்டு நாளாக ஒரு மெயிலும் இல்லை, ஸ்பாம்கூட இல்லை, அப்போதுதான் சந்தேகமே வந்தது. ரௌட்டருக்குள் போனால் வான் ஐபி (ரௌட்டருக்கு வெளிப்பக்கம் கிடைக்கும் ஐபி) 100.64 முதல் 100.127 வரையுள்ள சிஜிநாட் வட்டத்துக்குள் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் அங்கே தள்ளிவிட்டார்கள். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே ஐபி, வெளியிலிருந்து, மெயில் வந்து சேரும் என் 25ஆம் போர்ட்டுக்கு வழியே கிடையாது. பப்ளிக் ஐபியைத் திரும்ப வாங்க ஒன்பது நாள் ஆனது. ஐந்து நாள் கணக்கைத் தாண்டிய மெயில்கள் போனதுதான்.

இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்துகிற எண்ணம் இல்லை. வங்கிக்கும் வருமான வரிக்கும் மட்டும் பழைய ஜிமெயிலைத்தான் கொடுத்திருக்கிறேன்.